ஆல் வீல் டிரைவ் காரில் சக்கரம் வெறுமனே சுழல்கிறதா? கோளாற்றைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

மழை ஓய்ந்த மறுநாள், எஸ்டேட் மண் சாலையின் ஏற்றத்தில் ஆல் வீல் டிரைவ் கார் ஒன்று சிக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இடது முன் சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுழல்கிறது. கார் மட்டும் ஓர் அங்குலமும் நகரவில்லை. அந்த நேரத்தில் எல்லாருடைய கண்ணும் சுழலும் சக்கரத்தின் மேலேயே இருக்கும். ஆனால் கோளாறு எங்கே என்பதைச் சொல்லப்போகிறவை சுழலாமல் நிற்கும் மற்ற மூன்று சக்கரங்கள்தாம். அவற்றை எப்படிப் பார்ப்பது, பார்த்ததிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை, ஆல் வீல் டிரைவ் கார் வாங்கிச் சில மாதங்களே ஆன ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

'நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும்' என்று விற்பனையாளர் சொன்ன ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்றவை பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வகை. இவற்றில் 2எச் (இரு சக்கர இயக்கம்), 4எச் (நான்கு சக்கர இயக்கம்), 4எல் (நான்கு சக்கரத்தோடு தாழ்ந்த கியர்) என்று ஓட்டுநரே லீவரைப் போட வேண்டும். 4எச் போட்டுவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துவிடும், இரண்டுக்கும் நடுவே வேக வேறுபாட்டைத் தாங்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டாம் வகையில் அந்த நடு டிஃபரென்ஷியல் நிரந்தரமாக இருக்கும். 1980இல் வெளிவந்த ஆடி குவாட்ரோவும், கைமுறை கியர் உள்ள பல சுபாரு கார்களும் இந்த வழியில் வந்தவை. மூன்றாம் வகையே இன்று அதிகம் விற்பது. கார் இயல்பாக முன் சக்கரங்களால் ஓடும். முன் சக்கரம் வழுக்கும்போதோ, வழுக்கப்போகிறது என்று கணினி கணிக்கும்போதோ, பின் அச்சின் முகப்பில் இருக்கும் கப்ளிங் இறுகிப் பின்னாலும் சக்தியை அனுப்பும். 2014இல் இந்தியாவுக்கு வந்த ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ், 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், ஸ்கோடா கோடியாக் ஆகியவை இவ்வகை.

கப்ளிங் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். பைக் கிளட்சுக்குள் இருப்பதுபோன்ற பல தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் ஒரு சிறு பெட்டி அது. டஸ்டரில் மின்காந்தம் அந்தத் தட்டுகளை அழுத்தும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் உள்ள ஹால்டெக்ஸ் கப்ளிங்கில் எண்ணெய் அழுத்தம் அழுத்தும். இக்கட்டுரையின் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகையைப் பற்றியது, ஏனென்றால் சந்தேகங்கள் அதிகம் எழுவதும் அநாவசியமாகப் பணம் செலவாவதும் இதில்தான்.

கோளாறே இல்லாமல் சக்கரம் சுழலும்

இதைப் புரிந்துகொள்ளாமல் பணிமனைக்குப் போகக் கூடாது. ஒவ்வோர் அச்சிலும் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒரு சாதாரண டிஃபரென்ஷியல் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமான முறுக்கு விசையைத்தான் தரும். எவ்வளவு தரும் என்பதைப் பிடிமானம் குறைந்த சக்கரமே தீர்மானிக்கும். சேற்றில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் விசைக்கு மேல் தாங்காமல் வழுக்கிவிடுகிறது என்றால், கெட்டித் தரையில் நிற்கும் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் அந்த 100தான் கிடைக்கும். எஞ்சினில் எவ்வளவு விசை இருந்தாலும் அது அங்கே போய்ச் சேராது.

ஆகவே முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் அதற்குக் குறுக்கே ஒரு சக்கரமும் சுழன்று கார் நின்றால், ஆல் வீல் டிரைவ் சரியாகவே வேலை செய்திருக்கிறது என்று பொருள். முன்னும் பின்னும் சக்தி போய்ச் சேர்ந்ததால்தான் பின் சக்கரமும் சுழன்றது. அந்த இடத்தில் உதவ வேண்டியது, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி எதிர்ப்பக்கத்துக்கு விசையைத் தள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல். அது விட்டுவிட்டுப் பிடிக்கும்போது காலடியில் 'கர்ர்' என்று ஏ.பி.எஸ். பம்பின் சத்தம் கேட்கும். வெகுநேரம் வேலை செய்து பிரேக் சூடாகிவிட்டால் அது தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தும் எந்தச் சக்கரமும் சுழலவில்லை, எஞ்சின் முனகி அடங்குகிறது, டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் கண்சிமிட்டுகிறது என்றால், இ.எஸ்.சி. எனப்படும், கார் வழுக்கி நிலைகுலையாமல் காக்கும் மின்னணு அமைப்பு எஞ்சினின் சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. கடற்கரை மணலில் கார்கள் புதைவதற்கு இது பெரிய காரணம். இ.எஸ்.சி. ஆஃப் பொத்தானை அமுக்கிப் பிடித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

முதல் படி: டயர்

சந்தேகம் எழுந்தவுடன் ஸ்கேனரை, அதாவது காரின் கணினிகளைப் படிக்கும் கருவியை, தேடி ஓடாமல், ஒரு சாக்பீஸும் இஞ்சு டேப்பும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவா? காற்று அழுத்தம் ஒன்றா? பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகள்) ஆழம் எவ்வளவு? கப்ளிங்கை இயக்கும் கணினிக்கு உலகமே நான்கு சக்கரங்களின் வேகம்தான். தேய்ந்த டயர் சிறியது, அதனால் வேகமாகச் சுழலும். அதைக் கணினி வழுக்கல் என்று எண்ணிக்கொள்ளக்கூடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலைச் சாலையில் டயரின் பக்கவாட்டில் கல் கிழித்துவிட, இரண்டு புது டயர் வாங்கிப் பின்னால் போட்டு, ஏற்கெனவே ஓடிய இரண்டை முன்னால் விட்டிருந்தேன். கடைக்காரர் செய்தது தவறில்லை. புது டயர் பின்னால் இருப்பதே ஈரச் சாலையில் பாதுகாப்பு. ஆனால் சில வாரங்களில், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினாலே ஆல் வீல் டிரைவ் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் விளக்கு அணையும். ஒரு பணிமனையில் கப்ளிங் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, டயரின் அடியில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலும் போட்டு, காரை நேராகத் தள்ளி, கோடு மீண்டும் கீழே வரும்வரை உருட்டி அளந்தேன். 215/65 ஆர்16 டயர். பின் சக்கரம் ஒரு சுற்றுக்குக் கடந்த தூரத்தைவிட முன் சக்கரம் 24 மில்லிமீட்டர் குறைவாகக் கடந்தது. அவ்வளவுதானா என்று தோன்றும். அந்த டயர் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 465 முறை சுழலும். அதில் முன் சக்கரம் 5 சுற்று கூடுதல். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் போனால் 400 சுற்று. முன் சக்கரம் ஓயாமல் லேசாக வழுக்குகிறது என்று எண்ணிய கணினி, காய்ந்த தார்ச் சாலையில் கப்ளிங்கை இறுக்கி இறுக்கித் தட்டுகளைச் சூடாக்கியிருக்கிறது. முன்னாலும் அதே டயரில் புதிதாக இரண்டு போட்ட பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

எவ்வளவு வேறுபாடு வரை பொறுக்கும் என்பது காருக்குக் கார் மாறும். உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். சுபாரு நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6.4 மில்லிமீட்டருக்குள், ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழத்தில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் கணக்குப்படி சுற்றளவு 6.28 மில்லிமீட்டர் குறையும் என்பதால், பட்டனில் 1 மில்லிமீட்டர் வேறுபாடு என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. ஆனால் கணக்கைவிட உருட்டிப் பார்த்த அளவையே நம்புங்கள், ஏனென்றால் காரின் எடையில் அமுங்கிய டயர்தானே சாலையில் ஓடுகிறது. ஸ்டெப்னி சிறிய அளவுடையதாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் போவதும் இதே தொல்லையைத் தரும்.

இரண்டாம் படி: வெளியே நின்று பார்த்தல்

டயர் சரியென்றால், சரளைக்கல் தளர்ந்து கிடக்கும் இலேசான ஏற்றம் ஒன்றைத் தேடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் நிலமாக இருப்பது நல்லது. ஆல் வீல் டிரைவ் முறையை 'ஆட்டோ'வில், அதாவது கப்ளிங்கைக் கணினியே தீர்மானிக்கும் நிலையில், வைத்து, நின்ற நிலையிலிருந்து சற்று வேகமாகக் கிளப்புங்கள். நண்பர் ஒருவர் காருக்குப் பக்கவாட்டில், சில மீட்டர் தள்ளி நின்று, முன் பின் சக்கரங்கள் இரண்டும் தெரியும்படி கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கட்டும். காருக்கு நேர் முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. பிறகு மறுபக்கத்தையும் பிடியுங்கள். அதே இடத்தில், கப்ளிங்கை இறுக்கியே வைக்கும் லாக் முறையில் மீண்டும் செய்யுங்கள். லாக் என்பது குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் பல கார்களில் தானாகவே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும் என்பதால், லாக் போட்டோமே, நெடுஞ்சாலையில் ஏன் விளக்கு அணைந்தது என்று கவலைப்பட வேண்டாம்.

வீடியோவில், முன் சக்கரம் கால் சுற்றோ அரைச் சுற்றோ வழுக்கியதும் பின் சக்கரம் கல்லைத் தள்ளிக்கொண்டு பிடித்தால் அமைப்பு நலம். முன் சக்கரம் பல சுற்று சுழன்றும் பின் சக்கரங்கள் இரண்டும் சிறிதும் திரும்பவில்லை என்றால் பின்னால் சக்தி போகவில்லை. லாக்கில் பிடிக்கிறது, ஆட்டோவில் பிடிக்கவில்லை என்றால் இயந்திரப் பாகங்களில் குறையில்லை. கணினிக்கு வரும் தகவல்களில்தான் தேட வேண்டும். நான்கும் சுழன்று கார் நின்ற இடத்திலேயே நின்றால் குறை டயரிலோ தரையிலோ இருக்கிறது, மொட்டை டயரை எந்தக் கப்ளிங்கும் காப்பாற்றாது.

மூன்றாம் படி: புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழல்கிறதா?

பின்னால் சக்தி போகவில்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. எஞ்சின் பக்கம் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்கும் சிறு டிரான்ஸ்ஃபர் பெட்டி, அதிலிருந்து பின்னால் ஓடும் நீண்ட ஷாஃப்ட், அதன் கடைசியில் கப்ளிங், அதற்குப் பின்னால் கிரௌன் (பின் டிஃபரென்ஷியல்) என்ற வரிசையில் சக்தி போகிறது. இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவற்றில், முன் டிஃபரென்ஷியல் சுழன்றால் ஷாஃப்டும் சுழன்றே ஆக வேண்டும். முன் சக்கரம் சுழலும்போது ஷாஃப்ட் அசையாமல் கிடந்தால், டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் பல் வழித்துப்போயிருக்கிறது. ஷாஃப்ட் சுழன்றும் பின் சக்கரம் திரும்பாவிட்டால் கப்ளிங்கையோ அதற்கு வரும் உத்தரவையோ சந்தேகிக்கலாம். ஜீப் காம்பஸ் போன்ற சில கார்கள் எரிபொருளைச் சேமிக்க, தேவையில்லாதபோது ஷாஃப்டையே கழற்றிவிட்டு நிறுத்திவைக்கும். அவற்றில் இந்தச் சோதனையை லாக் முறையில்தான் செய்ய வேண்டும்.

இதை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுச் செய்யாதீர்கள். முன் சக்கரங்களை மட்டும் தூக்கி எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டால், கப்ளிங் திடீரென்று இறுகி, தரையில் இருக்கும் பின் சக்கரங்கள் காரை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாத லிஃப்ட் உள்ள பணிமனையில், கீழே ஆள் இல்லாமல், தள்ளி நின்று பார்க்க வேண்டிய சோதனை இது. லிஃப்டில் இருக்கும்போதே, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஷாஃப்டைக் கையால் ஆட்டி அதன் ஜாயிண்டுகளிலும் நடு பேரிங்கிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கியரை மாற்றிப் போடும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம் வந்தால் அந்த ஆட்டமே காரணமாக இருக்கலாம்.

நான்காம் படி: உத்தரவு போனதா, நிறைவேறியதா?

இப்போதுதான் ஸ்கேனர் தேவைப்படுகிறது. எஞ்சினின் பழுதுக் குறியீடுகளை (மெக்கானிக்குகள் 'கோடு' என்பார்கள்) மட்டும் படிக்கும் மலிவான ஓ.பி.டி. கருவி, அதாவது காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் கருவி, இதற்குப் போதாது, ஏ.பி.எஸ்., ஆல் வீல் டிரைவ் கணினிகளையும் படிக்கக்கூடியது வேண்டும். சி என்று தொடங்கும் கோடுகள் சேஸிஸைச் சேர்ந்தவை, யு என்று தொடங்குபவை கணினிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பைச் சேர்ந்தவை. கோடைப் படித்த உடனே அழிக்கச் சொல்லாதீர்கள்; முதலில் எழுதிவையுங்கள்.

கோடுகளைவிடப் பயன் தருவது ஓடும்போது வரும் நேரடித் தகவல். மெக்கானிக் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். நேர்ச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் நான்கு சக்கர வேகங்களும் ஒட்டியே ஓட வேண்டும். ஒன்று மட்டும் அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்தால், அந்தச் சக்கரத்தின் வேக சென்சாரோ, பேரிங்கில் உள்ள காந்த வளையமோ, மலைப் பகுதிக் கார்களில் அடிக்கடி நேர்வதுபோல வயரோ பழுதடைந்திருக்கிறது. அந்த ஒரு சென்சார் கெட்டால் ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி., ஆல் வீல் டிரைவ் ஆகிய மூன்று விளக்குகளும் சேர்ந்தே எரியக்கூடும். மூன்று பாகம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஸ்டியரிங் கோண சென்சாரையும் பாருங்கள்: கார் நேராக ஓடும்போது எண் பூஜ்யத்தை ஒட்டி இல்லாவிட்டால், அண்மையில் அலைன்மெண்ட் செய்த இடத்தில் அதைச் சரிசெய்யாமல் விட்டிருக்கலாம்.

பிறகு சரளை ஏற்றத்தில் கிளப்பும்போது, கப்ளிங்குக்குக் கணினி விடுக்கும் உத்தரவின் சதவீதத்தைப் பாருங்கள். முன் சக்கரம் வழுக்கியும் எண் ஏறவே இல்லை என்றால் உத்தரவே போகவில்லை. சென்சார், ஃப்யூஸ், கப்ளிங் எண்ணெய் அதிகச் சூடு என்ற வரிசையில் தேடலாம். எண் ஏறியும் பின் சக்கரம் தள்ளவில்லை என்றால் போன உத்தரவு நிறைவேறவில்லை: கனெக்டரில் தண்ணீர், வயர் அறுந்தது, ஹால்டெக்ஸ் என்றால் எண்ணெய் பம்ப், இவை சரியென்றால் மட்டுமே தேய்ந்த தட்டுகள். கப்ளிங்கை மாற்றச் சொல்லும் எவரிடமும் உத்தரவின் சதவீதத்தையும் சக்கர வேகங்களையும் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காட்ட முடியாதவர் ஊகத்தில் சொல்கிறார்.

விடாத பிடி

இதற்கு நேர்மாறான கோளாறும் இருக்கிறது. காலியான தார்த் தரையில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முதல் கியரில் ஊர்ந்து வட்டமடியுங்கள். கார் இழுத்துப் பிடித்ததுபோலத் தயங்கித் தயங்கிக் குதித்தால், முன் பின் அச்சுகள் பிரிய வேண்டிய நேரத்தில் பிரியவில்லை. தார், ஜிம்னியில் 4எச் போட்டுத் தார்ச் சாலையில் திரும்பினால் இப்படித்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. 2எச்சுக்கு மாற்ற வேண்டும், லீவர் இறுகி வர மறுத்தால் சில அடி பின்னால் எடுத்தால் விட்டுக்கொடுக்கும்.

மின்காந்தக் கப்ளிங் உள்ள காரில் இக்கோளாற்றைப் பிரித்தறிவது எளிது. இக்னிஷனை அணைத்துவிட்டு, பின்னால் கப்ளிங்குக்குப் போகும் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லையென்றால் கப்ளிங் விட்டுவிட வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும், எரியட்டும். மீண்டும் வட்டமடிக்கும்போது பிடி விலகியிருந்தால், கணினிதான் தேவையில்லாமல் பிடிக்கச் சொல்கிறது; விலகவில்லை என்றால் தட்டுகளே ஒட்டிக்கொண்டுவிட்டன. வெளிநாடுகளில் பழைய சுபாரு ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நான்கு கியர் உள்ள அந்தப் பெட்டிகளில் தர்க்கம் தலைகீழ். மின்சாரம் போனால் அது முழுதாகப் பிடித்துக்கொள்ளும். பானெட்டுக்கு அடியில் எஃப்.டபிள்யூ.டி. என்று எழுதிய காலி இடத்தில் ஃப்யூஸைச் செருகினால்தான் விடும். செருகியும் பிடி விலகாவிட்டால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. கைமுறை கியர் சுபாருவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்குக்கு வயரே கிடையாது. உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் முதுமையில் கெட்டித்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எண்ணெய்

ஹால்டெக்ஸ் வகையில் கிரௌனுக்கு ஓர் எண்ணெய், கப்ளிங்குக்கு வேறோர் எண்ணெய்; இரண்டு அடைப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாற்றி ஊற்றிவிடும் விபத்து நடக்கிறது, எனவே ஊற்றும்போது அருகில் நில்லுங்கள். 2012க்குப் பின் வந்த ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் தனி ஃபில்டர் இல்லை. பம்பின் வாயில் ஒரு சிறு சல்லடை மட்டும் உண்டு. தட்டுகள் தேய்ந்து உதிரும் கரும்பொடி அதில் படிந்து அடைத்தால் பம்ப் திணறிச் செத்துவிடும். எண்ணெயை மட்டும் மாற்றி இந்தச் சல்லடையைக் கழுவாமல் விடுவது பாதி வேலைதான். வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். கறுத்திருப்பது இயல்பு, தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் வெகுவாகச் சூடேறியிருக்கின்றன. காந்த அடைப்பில் மைபோன்ற பசை ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் போடலாம், விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் கிரௌனைத் திறந்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

புதுக் கப்ளிங் போட்டால் பல கார்களில் அதை ஸ்கேனர் வழியாகக் கணினிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அது விட்டுப்போனால் புதுப் பாகமும் பழையதைப் போலவே நடக்கும். பிறகு அதே சரளை ஏற்றத்துக்குப் போய், அதே முறையில், அதே கோணத்தில் மீண்டும் வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். அதுவரை கார் எங்கேனும் நின்றுவிட்டால், நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட் பெட் லாரியையே அழையுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டி வந்தால், அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.